31ஏ, 31சி, நடுவில் ஒரு பி

பக்கத்துக் கடைத் தம்பி போன வாரம் வந்து கேட்டார். "அண்ணாச்சி, ஃபிளைட்டுல எந்த சீட்டு எப்படி இருக்கும்னு முன்னாடியே பாத்துருவீங்களாமே, அது எதுல பாக்குறது?" அவருடைய மாமியார் முதல் தடவையாக அமெரிக்கா கிளம்புகிறார். ஒரு வார்த்தையில் பேரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் என் வாயில் வந்தது, "அதைப் பாக்காம போறதுதான் நல்லது தம்பி." கீழமாசி வீதியில் லாரி ஹாரன் சத்தத்தில் அவருக்கு அது சரியாக விழுந்ததோ என்னவோ, சிரித்துவிட்டுப் போனார். பாதி கோபத்தில் சொன்னதுதான். மீதிப் பாதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

மகள் இருப்பது நியூஜெர்சியில். 2018-லிருந்து நானும் வீட்டுக்காரியும் ஐந்து தடவை போய் வந்தாச்சு. மதுரையிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பத்து மணி நேரம், இறங்கி மாறி அட்லாண்டிக்கைத் தாண்ட இன்னொரு எட்டு மணி நேரம். மதுரைக்கு வந்துபோவதெல்லாம் நடுவில் ஒரே நடை, அதாவது ஆள் நடக்கிற ஒரே வழி, உள்ள சின்ன விமானங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவோம், எங்கே உட்கார்ந்தால் என்ன. அந்தப் பதினெட்டு மணி நேரம்தான் ஆளைக் கொல்லும். வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, காலை மடக்கியே வைத்திருக்க முடியாது, நடை ஓரம் வேண்டும். எனக்கு ஜன்னல். இந்த வயசில் என்னப்பா ஜன்னல் என்று மகள் கேட்பாள். வேண்டும், அவ்வளவுதான்.

ரயிலில் இந்தத் தலைவலியே கிடையாது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பரில் 7 என்றால் சைடு லோயர், 8 என்றால் சைடு அப்பர். பெட்டி பழசானாலும் புதுசானாலும் அதுதான். விமானத்தில் டிக்கெட்டில் போயிங் 777 என்று போட்டிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு கம்பெனி வரிசைக்கு ஒன்பது பேரை உட்கார வைக்கும், இன்னொன்று பத்துப் பேரை. ஒரே கம்பெனியிலேயே பழைய விமானம் ஒரு மாதிரி, பிரித்து மாட்டியது இன்னொரு மாதிரி.

முதல் இரண்டு பயணத்துக்கு சீட்குரு என்ற இணையதளம்தான். நல்ல இடம் பச்சை, சுமார் மஞ்சள், மோசம் சிவப்பு. சிக்னல் மாதிரி, யாருக்கும் புரியும். கோவிட் வந்த பிறகு அதைப் புதுப்பிப்பது நின்றுபோனது. அதற்கப்புறம் பழகியது ஏரோலோபா என்ற தளம். இதைப் பற்றி மட்டும் மனசாரப் பாராட்டுவேன். ஒவ்வொரு கம்பெனியின் ஒவ்வொரு விமானத்தையும் அளவு பிசகாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜன்னல் எங்கே இருக்கிறது என்பதுகூட அதில் தெரியும். ஜன்னல் சீட்டு என்று காசு வாங்கிக்கொண்டு வெறும் சுவரைக் காட்டும் இடங்கள் சில விமானங்களில் உண்டு. படத்தில் சீட்டுக்கு நேராகக் கோடு வெறுமையாக இருந்தால் அது சுவர். ராத்திரி கடை அடைத்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இந்தப் படங்களைப் பெரிசு பண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரிக்கு இது பைத்தியம்.

படம் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. சீட்டின் எழுத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அகலமான விமானங்களில் பெரும்பாலான கம்பெனிகள் ஏ, கே இரண்டையும் ஜன்னலுக்கு வைக்கின்றன. சி நடை ஓரம். நடுப்பகுதி டி-யில் தொடங்கும். ஏர்பஸ் ஏ330-இல் வரிசை பெரும்பாலும் 2-4-2. ஓரத்தில் இரண்டே சீட்டு. அதற்கு ஏ, பி என்று பெயர் வைக்க மாட்டார்கள், ஏ, சி என்று வைப்பார்கள். பி என்ற எழுத்தே இருக்காது. சீட் மேப்பைத் திறந்ததும் பி இல்லையென்றால் அது புருஷன் பொண்டாட்டிக்கென்றே செய்த விமானம். மூன்றாம் ஆள் கிடையாது. எல்லாக் கம்பெனியும் இந்த முறைப்படி எழுதுவதில்லை, ஆனால் நான் போன கம்பெனிகளில் சரியாகவே இருந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, ஜிஎஸ்டி கணக்கு முதல் தடவையிலேயே நேரானபோதுகூட வந்ததில்லை.

போன தடவை அப்படித்தான் பி இல்லாத விமானமாகத் தேடி, பெங்களூரிலிருந்து 31ஏ, 31சி. சீட்டுக்குத் தனியாகப் பணமும் கட்டினேன். படத்தை அவளிடம் காட்டி, "பாரு, நடுவுல யாரும் வர முடியாது" என்று பெருமை வேறு.

விமானத்துக்குள் ஏறி 31-க்குப் போனால் மூன்று சீட்டு. ஏ, பி, சி.

கடைசி நேரத்தில் ஏ330-ஐ எடுத்துவிட்டு போயிங் 787-ஐ விட்டிருக்கிறார்கள். பழுதோ என்னவோ, அது அவர்கள் பாடு. கம்ப்யூட்டர் எங்களுடைய ஏ-யையும் சி-யையும் அப்படியே தூக்கிப் புது விமானத்தில் வைத்துவிட்டது. புதிதாக முளைத்த பி-யை ஒரு சேலத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் எங்களுக்கு நடுவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு சாஃப்ட்வேர் பையன்.

பையன் நல்ல பையன்தான். எழுந்து நின்று, "அங்கிள், நீங்க ரெண்டு பேரும் சேந்து உக்காருங்க, நான் விண்டோவுக்குப் போயிக்கிறேன்" என்றான். பெருந்தன்மை! அவளால் நடை ஓரத்தை விட முடியாது. ஆக நான் பி. 787-இல் ஜன்னல் மற்ற விமானங்களைவிடப் பெரிசு. இழுத்து மூடும் மறைப்பு கிடையாது, கீழே ஒரு பொத்தான்தான். அமுக்கினால் கண்ணாடியே கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகி இருண்டுவிடும். விமானம் மேலே ஏறி முடிக்குமுன்பே பையன் அதை அமுக்கிவிட்டுத் தூங்கப் போனான். இறங்கும்போதுதான் எழுந்தான். பத்து மணி நேரமும் நான் பார்த்தது அந்த நீலத்தைத்தான்.

ஊருக்கு வந்தபின் கணக்குப் பார்த்தேன். ஏ330-இன் உள் அகலம் 5.28 மீட்டர். 787-இன் உள் அகலம் 5.49. வித்தியாசம் 21 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சாண். அந்த ஒரு சாணை நம்பி வரிசைக்கு ஒரு ஆளைக் கூடுதலாக உட்கார வைக்கிறார்கள். எண்சாண் உடம்புக்கு ஒரு சாண்! இதே 787-இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் வெளிநாட்டுப் பயணங்களுக்கு 2-4-2 வைத்திருக்கிறது. மனசு இருந்தால் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சீட்டுக்குக் கட்டிய பணத்தைக் கேட்டு விமானக் கம்பெனிக்கு எழுதினேன். பதில் வந்தது: நீங்கள் 31ஏ, 31சி கேட்டீர்கள், 31ஏ, 31சி கொடுத்திருக்கிறோம். எழுத்துப்படி பார்த்தால் அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

நியாயமாகச் சொன்னால் ஏரோலோபா மேல் குற்றமில்லை. எந்த விமானத்துக்குள் எப்படி இருக்கும் என்று அது சொல்லும். எந்த விமானம் வரும் என்று அதனால் சொல்ல முடியாது. அதற்கு ஃபிளைட்ரேடார்24 என்ற தளம் வேண்டும். ஃபிளைட் நம்பரைப் போட்டால் போன ஏழு நாளில் எந்தெந்த விமானம் ஓடியது என்று பதிவெண்ணோடு இலவசமாகவே காட்டும். நம்ம டிஎன் 58, டிஎன் 59 மாதிரி விமானத்துக்கும் நம்பர் உண்டு, இந்திய விமானம் என்றால் விடி என்று தொடங்கும். ஏழு நாளும் ஒரே ரகம் ஓடியிருந்தால் கொஞ்சம் நம்பலாம். செவ்வாய் ஒன்று, சனி ஒன்று என்று மாறி மாறி வந்திருந்தால் சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். நம் நாளுக்குரிய விமானம் எது என்பது பெரும்பாலும் கிளம்புகிற சமயத்தில்தான் தெரியவரும். அப்போது தெரிந்து என்ன செய்ய?

ஆக, படத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு. இதைவிடச் சிறப்பாக யாரும் வரைய முடியாது. ஆனால் அந்த மாமியாருக்கு இதைக் காட்டாதீர்கள் என்பதுதான் என் முடிவு. ஒன்றும் தெரியாமல் போயிருந்தால் மூன்று சீட்டைப் பார்த்து, சரி, மூன்று சீட்டு என்று உட்கார்ந்திருப்பேன். தெரிந்து போனதால்தான் பத்து மணி நேரம் வயிறு எரிந்தது. தம்பியிடம் ஒரு துண்டுச் சீட்டில் "சி இல்லன்னா டி" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். விமானம் மாறினாலும் இந்த இரண்டும் அநேகமாக நடை ஓரமாகவே நிற்கும்.

வருகிற டிசம்பருக்கு நாங்களும் அப்படியே போட்டுவிட்டோம், அவள் 31சி, நான் நடைக்கு இந்தப்பக்கம் 31டி. எத்தனை பேரை நடுவில் செருகினாலும் எங்களுக்கு இடையில் நடைதான். ஜன்னல் போனது போனதுதான். ஆனாலும் காலையில் கடையைத் திறந்து ஊதுவத்தி கொளுத்தியதும் போனில் அந்த சீட் மேப்பைத் தட்டிவிடுகிறேன். இன்று காலை வரை பி வரவில்லை. 31ஏ-யும் காலியாகத்தான் கிடக்கிறது.