வழிபாட்டுத் தலத்துக்கு உயில் எழுதும்போது: தொகையா, சதவீதமா, மிச்சமா?

தான் கும்பிட்ட கோயிலுக்கோ, தொழுத பள்ளிவாசலுக்கோ, ஜெபித்த சபைக்கோ தனக்குப் பிறகு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் உயிலில் ஒரு தொகையை எழுதுகிறார்கள். எழுதுவது எளிது; படிப்பவருக்கும் சந்தேகம் வராது. ஆனால் காலத்தைத் தாங்காத வழி இதுதான்.

விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறினால், இன்று எழுதிய 100-க்கு 20 வருஷம் கழித்து 38-க்கும் குறைவான மதிப்புதான். இதைவிடப் பெரிய சங்கடம் வேறு. சொத்து 1,000 இருக்கும்போது சபைக்கு 200, மீதி பிள்ளைகளுக்கு என்று எழுதியாயிற்று. கடைசிக்கால மருத்துவச் செலவில் 700 கரைந்துவிடுகிறது. கையில் 300. சபை முழு 200-ஐயும் பெறும்; பிள்ளைகளுக்கு 100. அதையே 20% என்று எழுதியிருந்தால் சபைக்கு 60, பிள்ளைகளுக்கு 240. வழக்கில் முடியும் மனக்கசப்பு இப்படித்தான் முளைக்கிறது.

சதவீதத்தில் உள்ள ஒரே ஆபத்து, எதில் சதவீதம் என்று சொல்லாமல் விடுவது. ‘மொத்தச் சொத்தில் 10%’ என்றால் குடியிருக்கும் வீடும் கணக்கில் வரும். ரொக்கம் போதாவிட்டால் வீட்டை விற்கும் நிலை வரலாம். ‘கடன், வரி, இறுதிச் சடங்குச் செலவு போக மிஞ்சுவதில்’ என்ற சொற்கள் அவசியம். முஸ்லிம்களுக்கு எல்லை ஏற்கெனவே உண்டு: கடன்கள் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால், அந்தக் கூடுதலுக்கு வாரிசுகளின் சம்மதம் வேண்டும். இங்கிலாந்தில் 2012 முதல், வரிக்குரிய சொத்தில் 10% அறப்பணிக்குப் போனால் வாரிசு வரி 40%-இலிருந்து 36%-ஆகக் குறைகிறது.

‘மற்றவர்களுக்கு எழுதியது போக மிச்சமெல்லாம் சபைக்கு’ என்பது மூன்றாவது வழி. மறந்துபோன வங்கிக் கணக்கும், பின்னால் வாங்கிய நிலமும் இதில் தானாகச் சேரும். ஆனால் கடன் வந்தால் முதலில் தேய்வது மிச்சம்தான். சிலசமயம் ஒன்றுமே தேறாது. எங்கள் தீர்மானம்: பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மிச்சத்தில் இத்தனை சதவீதம் என்ற பங்கு, வாரிசு இல்லாதவர்களுக்கு மிச்சம் முழுவதும்.

குறிப்பிட்ட வீட்டையோ மனையையோ எழுதுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உயிரோடு இருக்கும்போதே அதை விற்றுவிட்டால் அந்தக் கொடை பொதுவாக அற்றுப்போகும். விற்ற பணம் அதன் இடத்தில் வந்து நிற்காது. பட்டா குழப்பமோ காலி செய்யாத வாடகைதாரரோ இருந்தால் சபைக்கு அது பாரம். எழுதத்தான் வேண்டும் என்றால், ஏற்றுக்கொள்வார்களா என்று முன்பே நிர்வாகிகளிடம் கேளுங்கள்.

ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை வைத்துக்கொண்டு வீட்டை இப்போதே தானப் பத்திரமாக எழுதித் தருவதும் உண்டு. சபைக்கு உறுதி அதிகம். ஆனால் மனம் மாறினால் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. உயிலைக் கடைசிவரை எத்தனை முறையும் மாற்றலாம்.

நாமினியாகச் சபையைப் போட்டால் போதுமா? நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஓய்வூதியக் கணக்குப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம், உயில் வேறு சொன்னாலும். அந்தப் பணத்துக்குப் பிள்ளைகள் பொதுவாக வருமான வரி கட்ட வேண்டும். வரிவிலக்குப் பெற்ற சபை கட்டாது. அதனால் அங்கே அந்தக் கணக்கைச் சபைக்கும் வீட்டைப் பிள்ளைகளுக்கும் பிரிப்பது லாபம். இந்தியாவில் நாமினி பொதுவாக வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே.

எந்த வழியானாலும் கொடை கெட்டுப்போவது வாசகத்தில்தான். ‘எங்கள் கோயிலுக்கு’ என்று எழுதாமல், பதிவான முழுப்பெயர், முகவரி, பதிவு எண் மூன்றையும் எழுதுங்கள். குருக்கள், பாதிரியார், இமாம் பெயரில் எழுதினால் அது அவருடைய சொந்தச் சொத்தாகிவிடலாம். அவர் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருந்தால், இங்கிலாந்திலும், இந்தியாவில் கிறிஸ்தவர்கள் எழுதும் உயிலிலும் அவருக்கு எழுதியது செல்லாமல் போகக்கூடும்.

நோக்கத்தை இறுக்கிக் கட்டாதீர்கள். ‘கூரை வேலைக்கு’ என்று எழுதி, கூரை ஏற்கெனவே முடிந்திருந்தால் பணம் முடங்கும். இப்படி எழுதலாம்: ‘கூரை வேலைக்கு, அது தேவைப்படாவிட்டால் பொதுச் செலவுக்கு, சபை வேறொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த அமைப்புக்கு, கலைந்திருந்தால் என் பிள்ளைகளுக்குச் சமமாக.’