விரலை எடுக்கும் நேரம்: மூன்று வகை கேமிங் கீபோர்டுகள்

வீட்டு ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன், கம்ப்யூட்டரிலிருந்துதான். "மழைக்கு முன்னால் மாடி அறைக்கு ஓடு மாற்றிவிடுங்கள்" என்று எழுதியதாக நினைப்பு. போய்ச் சேர்ந்தது "ஓட்டு மாற்றிவிடுங்கள்". "எந்தக் கட்சிக்கு சார்?" என்று பதில் வந்தது.

தப்பு என் விரலில் இல்லை. நான்கு வருடம் அடி வாங்கிய ஒரு நீல ஸ்விட்ச் கீபோர்டு, பெயர் வேண்டாம். (ஸ்விட்ச் என்பது ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருப்பது; ரகத்தை நிறத்தால் சொல்வார்கள்.) அதில் ட விசையை ஒருமுறை தட்டினால் இரண்டுமுறை பதிய ஆரம்பித்திருந்தது. ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு இது சின்னத் தொல்லை: ஒரு எழுத்து கூட விழும், சிவப்புக் கோடு வரும், திருத்திவிட்டுப் போகலாம். தமிழ் 99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அடிப்பவருக்கு அப்படி இல்லை. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். அந்த முறையின் அழகே அதுதான். அதனால் எடு எட்டாகிறது, பாடு பாட்டாகிறது, கடை கட்டையாகிறது. எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள். பிழை திருத்தி வாயே திறக்காது.

சரி, புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். பகலில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை, ராத்திரி ஒன்றரை மணி நேரம் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். இரண்டுக்கும் ஒரே கீபோர்டு. நண்பர்களிடம் இரவல் வாங்கியும் அக்கா மகனிடம் கெஞ்சியும் ஒரு மாதம் மூன்று வகைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்: உலோகத் தொடுப்பு உள்ள சாதாரண மெக்கானிக்கல், காந்தத்தில் இயங்கும் ஹால் எஃபெக்ட், ஒளியில் இயங்கும் அனலாக் ஆப்டிக்கல்.

முதலாவதற்கு அளவுகோல் இன்றும் ஜெர்மனியின் செர்ரி எம்எக்ஸ்தான். சந்தையில் கிடைக்கும் கேட்டரான், அவுடெமு, கைல் எல்லாம் அந்த வடிவத்தைப் பின்பற்றி வந்தவை. விளையாடுபவர்கள் பெரும்பாலும் எடுப்பது சிவப்பு: தட்டும்போது நடுவில் இடறல் இல்லை, சத்தமும் குறைவு, அழுத்த 45 சென்டிநியூட்டன் பலம் போதும். மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். 2 மில்லிமீட்டரில் பதிந்துவிடும். நீலம் டைப் அடிக்கச் சுகம்தான், ஆனால் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு அதைத் தட்டிப் பாருங்கள், அடுத்த நாள் காபி கிடைக்காது.

சிவப்பில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அக்கா மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து நான் செத்துக்கொண்டே இருப்பதைப் பத்து நிமிடம் பார்த்தான். "மாமா, நீங்க எவ்ளோ வேகமா அழுத்துறீங்கன்னு பாக்குறீங்க. எவ்ளோ வேகமா விடுறீங்கன்னு பாருங்க" என்றான். இத்தனை நாள் நான் யோசிக்காத விஷயம்.

கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடுபவர்களுக்குத் தெரியும்: ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கேயோ போகும். இடப்பக்கம் நகர ஏ விசையைப் பிடித்திருக்கிறீர்கள். எதிரி தெரிந்தவுடன் ஏ-வை விட்டு, டி-யை ஒரு தட்டு தட்டி, ஆளை நிறுத்திவிட்டுத்தான் சுட வேண்டும். ஏ எப்போது விடுபட்டதாகக் கீபோர்டு சொல்கிறதோ அதுவரை ஆள் நிற்க மாட்டான். பதற்றத்தில் யாரும் விசையைப் பாதியில் நிறுத்துவதில்லை, அடிவரை அழுத்தித்தான் வைத்திருப்போம். சிவப்பு ஸ்விட்ச் 4 மில்லிமீட்டர் ஆழத்திலிருந்து ஏறக்குறைய 2-க்கு ஏறி வந்தால்தான் விடுபட்டதாகக் கணக்கு. விரல் நொடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் எழும்புகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 2 மில்லிமீட்டருக்கு 20 மில்லிசெகண்ட் ஆகும். நொடிக்கு 144 படம் காட்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கிட்டத்தட்ட மூன்று ஃப்ரேம்.

"கேமிங்குக்கென்றே" என்று விற்கப்படும் செர்ரியின் ஸ்பீட் சில்வரை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. அது 1.2 மில்லிமீட்டரிலேயே பதியும், மொத்த இறக்கம் 3.4. அழுத்தும்போது சிவப்பை முந்தும், சந்தேகமில்லை. விடும்போது? 3.4-இலிருந்து 1.2-க்கு ஏற வேண்டும், அதாவது 2.2 மில்லிமீட்டர். காகிதத்தில் போட்டிருக்கும் அளவுப்படி, விடுவதில் சிவப்பைவிட மெதுவானது. வேகம் என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு பாதி வேலையைத்தான் செய்கிறது. அதனால் அதை நான் இரவல்கூடக் கேட்கவில்லை.

ஹால் எஃபெக்ட் கீபோர்டுகள் இந்த விடும் கணக்கைத்தான் மாற்றின. விசையின் தண்டில் ஒரு சின்னக் காந்தம். கீழே சர்க்யூட் போர்டில் ஓர் உணரி. காந்தம் நெருங்க நெருங்கக் காந்தப்புலம் கூடுகிறது, விசை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அதை வைத்துத் தொடர்ந்து தெரிந்துகொள்ளலாம். பெட்டியில் புத்தம்புதிய தொழில்நுட்பம் மாதிரி எழுதியிருப்பார்கள். எட்வின் ஹால் இந்த விளைவைக் கண்டது 1879-இல்; ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ ஸ்விட்ச் பிரிவு 1960-களின் இறுதியிலேயே இதை வைத்துக் கீபோர்டு செய்துவிட்டது.

கேமிங்கில் இதைப் பிரபலமாக்கியது நெதர்லாந்தின் வூட்டிங். 2016-இல் கிக்ஸ்டார்ட்டரில் வந்த அவர்களின் முதல் கீபோர்டு ஒளி ஸ்விட்சில் ஓடியது. காந்தத்துக்கு மாறியது பிறகுதான். அக்கா மகனிடம் இருப்பது 60ஹெச்ஈ. பதியும் ஆழத்தை 0.1-இலிருந்து 4 மில்லிமீட்டர்வரை எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம் ரேபிட் ட்ரிகர். முதல்முறை அந்த ஆழத்தில் பதிந்த பிறகு, இதில் நிலையான பதியும் புள்ளி, விடும் புள்ளி என்று எதுவும் கிடையாது. விரல் எந்த ஆழத்தில் இருந்தாலும் சரி, திசை மாறி மேலே 0.1 மில்லிமீட்டர் எழும்பினால் விட்டாகிவிட்டது. மறுபடி கீழே போனால் அழுத்தியாகிவிட்டது. நம் 20 மில்லிசெகண்ட் கணக்கு 1 மில்லிசெகண்டாகச் சுருங்குகிறது.

ஆடிப் பார்த்ததில் தெரிந்தது: முதல் இரண்டு நாள் இன்னும் மோசமாக ஆடினேன். பழைய தாளத்துக்குப் பழகிய கை, ஆள் நின்ற பிறகும் காத்திருந்தது. மூன்றாம் நாள் பிடிபட்டது. மூலையில் எட்டிப் பார்த்துச் சட்டென்று நின்று சுடும் இடங்களில் வித்தியாசம் உறுதியாகத் தெரிகிறது. ஆனால் எனக்கு முதலில் எதிரி எங்கிருந்து வருவான் என்று தெரிய வேண்டும். அதற்குக் காந்தம் உதவாது.

மூன்றாவது வகைக்கு நான் பார்த்தது ரேசர் ஹன்ட்ஸ்மேன் வி3 ப்ரோ, 2023 இறுதியில் வந்தது. இங்கே காந்தத்துக்குப் பதில் ஒளி: எவ்வளவு வெளிச்சம் உணரியில் விழுகிறது என்பதை வைத்து ஆழம் அளக்கப்படுகிறது. 0.1-இலிருந்து 4 மில்லிமீட்டர், ரேபிட் ட்ரிகர், எல்லாம் இதிலும் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டு ஆடச் சொன்னால் ஏ, டி விசைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல என்னால் முடியாது. தட்டும் சுகம் வேறு, அது ரசனை. ஒரே ஒரு எச்சரிக்கை: "ஆப்டிக்கல்" என்று போட்டிருப்பதெல்லாம் அனலாக், அதாவது ஆழத்தைத் தொடர்ந்து அளப்பது, அல்ல. ஒளிக்கற்றை மறிக்கப்பட்டதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சாதாரண ஆப்டிக்கல் ஸ்விட்சுகள் நிறைய விற்கின்றன. அவற்றில் விடும் புள்ளி நிலையானதுதான், ரேபிட் ட்ரிகர் வராது. வாங்கும்முன் இதைக் கேட்டு உறுதிசெய்யாவிட்டால் சிவப்பு ஸ்விட்சின் வேலைக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்துவிட்டு வருவீர்கள்.

ரேசர் 2024 ஜூலையில் ஸ்னாப் டாப் என்றும் ஒன்றைக் கொண்டுவந்தது. ஏ, டி இரண்டையும் சேர்த்துப் பிடித்தாலும் கடைசியாக அழுத்தியதை மட்டும் கீபோர்டே எடுத்துக்கொள்ளும். வூட்டிங்கிலும் இதே வேலையைச் செய்யும் வசதி வந்தது. அந்த ஆகஸ்டிலேயே, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ஐ வெளியிடும் வால்வ் நிறுவனம், அந்த ஆட்டத்துக்கான தன் சர்வர்களில் இதற்குத் தடை போட்டுவிட்டது. பயன்படுத்தினால் ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளப்படுவீர்கள். ரேபிட் ட்ரிகருக்கு அந்தத் தடை இல்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஒன்று உங்கள் விரல் விட்டதை உடனே சொல்கிறது. மற்றது விடாததையும் விட்டதாகச் சொல்கிறது. விளம்பரத்தில் ஸ்னாப் டாப்பைப் பெரிதாகப் போட்டிருந்தால், நீங்கள் எந்த ஆட்டம் ஆடுகிறீர்கள் என்று பார்த்துவிட்டு அதற்கு விலை கொடுங்கள்.

8000 ஹெர்ட்ஸ் போலிங் விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1000 ஹெர்ட்ஸ் என்றால் கீபோர்டு 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கம்ப்யூட்டரிடம் பேசுகிறது. 8000 என்றால் 0.125-க்கு ஒருமுறை. அதிகபட்ச மிச்சம் 0.875 மில்லிசெகண்ட். என் வீட்டு இணையத்தில் பிங் (சர்வருக்குச் செய்தி போய்வரும் நேரம்) ஓர் ஆட்டத்துக்குள்ளேயே அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்குகிறது. இதற்காகக் கூடுதல் காசு தர மாட்டேன்.

அப்புறம், டைப் அடிக்கும் பகல்நேரம். என் பழைய கீபோர்டு ஏன் ஓட்டுப் போட்டது? சாதாரண ஸ்விட்சில் இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது கொஞ்சம் துள்ளும். அந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாமல் கீபோர்டின் மென்பொருள் சில மில்லிசெகண்ட் பொறுத்திருக்கும். தகடு தேய்ந்தோ அழுக்கேறியோ துள்ளல் அந்தப் பொறுமையைத் தாண்டும்போது ஒரு தட்டு இரண்டாகிறது. செர்ரி தகடுகளின் தொடுமுனையில் தங்கம் வைப்பதும், சிவப்பு ஸ்விட்சுக்கு 10 கோடி தட்டு என்று கணக்குச் சொல்வதும் இதனால்தான். காந்தத்திலும் ஒளியிலும் தொட்டுக்கொள்ளத் தகடே கிடையாது, ஆகவே இந்த நோயும் கிடையாது.

ஆனால் வேறொன்று வருகிறது. ரேபிட் ட்ரிகரை 0.1-இல் வைத்துக்கொண்டு கட்டுரை அடித்துப் பாருங்கள். விசையின்மேல் ஓய்வெடுக்கும் விரல் லேசாக நடுங்கினாலே அழுத்தம், விடுதல், மறுபடி அழுத்தம். இது கீபோர்டின் பிழை அல்ல, நாம் கேட்டதைத்தான் அது செய்கிறது. விளைவு என்னவோ அதே எட்டு, அதே கட்டை. எழுதும்போது ரேபிட் ட்ரிகரை அணைத்து, பதியும் ஆழத்தை 1.5 அல்லது 2-க்கு இறக்கிவிட வேண்டும். அதாவது காந்தக் கீபோர்டைச் சிவப்பு ஸ்விட்ச் மாதிரி நடிக்க வைக்க வேண்டும். நாள் முழுக்க எழுத்துவேலை மட்டும் என்றால், நேராகச் சிவப்பையே வாங்கிவிடலாம். விலையும் மிச்சம், ஹாட்-ஸ்வாப் உள்ளதாக எடுத்தால் கெட்டுப்போன ஒரு ஸ்விட்சை மட்டும் பற்றவைப்பு வேலை இல்லாமல் பிடுங்கிவிட்டு, எம்எக்ஸ் வடிவில் எந்தக் கம்பெனி செய்த ஸ்விட்சையும் செருகலாம். காந்த ஸ்விட்சில் அந்தச் சுதந்திரம் குறைவு: அந்த போர்டு எந்த ஸ்விட்சை ஏற்கும் என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60ஹெச்ஈ போன்ற 60 சதவீதக் கீபோர்டில் மௌஸுக்கு மேசையில் தாராளமாக இடம் கிடைக்கும், ஆனால் தனி அம்புக்குறி விசைகள் இல்லை. பத்தி பத்தியாகத் திருத்தும் எனக்கு அது ஆகாது. நம்பர் பகுதி மட்டும் இல்லாத 87 விசை அளவு நடுவழி.

கடைசியில் நான் வாங்கியது ஹால் எஃபெக்டில் அந்த நடுவழி அளவு. நாளெல்லாம் எழுத்து, ராத்திரி ஆட்டம் என்ற என் கணக்குக்கு அது பொருந்தியது. நீங்கள் வேலரண்ட் மாதிரி, விசையை விட்டாலே ஆள் சீக்கிரம் நின்றுவிடும் ஆட்டம் ஆடுபவர், அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்றால், நல்ல சிவப்பு ஸ்விட்ச் கீபோர்டும் ஒழுங்கான மௌஸும் வாங்குங்கள்.

ரேபிட் ட்ரிகரை ஆளை நகர்த்தும் நான்கு விசைகளுக்கு மட்டும் போட்டிருக்கிறேன்: டபிள்யூ, ஏ, எஸ், டி. தமிழ் 99-இல் அவை ஈ, அ, இ, உ. ஆட்டம் முடிந்து அமைப்பை மாற்ற மறந்துவிட்டு எழுத உட்கார்ந்தாலும் இரட்டிப்பது உயிரெழுத்துதான். ஓடு ஓட்டு ஆகாது, ஓடுஉ என்று அசிங்கமாக விழும், சிவப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். போன வாரம் ஓனருக்கு மறுபடி எழுதினேன், எழுத்துப்பிழை இல்லாமல். ஓடு இன்னும் மாறவில்லை.