காயிலோவரா, ஸ்பிரிங்கா, நல்ல ஷாக்கா: நம்ம ரோட்டுக்கு எது?

போலோ, ஸ்விஃப்ட், ஆக்டேவியா மாதிரி வண்டி வைத்திருக்கிற நம்ம ஊர்ப் பசங்க பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள். வண்டி எழுபது எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும், வேகத்தடையில் இறங்கினால் ஒரே ஆட்டத்தில் அடங்க வேண்டியது மூன்று ஆட்டம் ஆடும், ஷாக்கில் ஆயில் கசிந்து புழுதி ஒட்டியிருக்கும். எப்படியும் மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதுதான் மாற்றுகிறோம், காயிலோவரே (உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஷாக்-ஸ்பிரிங் செட்) போட்டுவிடலாமே என்று மனசு போகும். இருப்பது நாலு வழி: கம்பெனி ஷாக்கையே புதுசாகப் போடுவது, லோயரிங் ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது, கம்பெனி ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு உசத்தியான ஷாக் போடுவது, கடைசியாகக் காயிலோவர். என் ஓட்டு மூன்றாவதுக்கு. அது எங்கே தோற்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழியில் பேச அதிகமில்லை. நாலு ஷாக், முன்னாடி ரெண்டு ஸ்ட்ரட் மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடி தாங்கும் தடுப்பு), லிங்க் ராட், தேய்ந்த புஷ் எல்லாம் புதுசாகப் போட்டு வீல் அலைன்மென்ட் பார்த்தால் பாதிப் பேருக்கு இந்த ஆசையே அடங்கிவிடும். வண்டி புதுசில் எப்படி இருந்தது என்பது மறந்துபோனதுதான் பல அப்கிரேடுகளுக்குக் காரணம்.

லோயரிங் ஸ்பிரிங் நாலிலும் விலை குறைவாகத் தெரிவது, கண்ணுக்கும் சட்டென்று பிடித்துப்போவது. ஐபாக் புரோ-கிட் மாதிரி ஒன்று போட்டால் வண்டி 25, 30 மில்லிமீட்டர் இறங்கும், வீல் ஆர்ச் இடைவெளி குறைந்து பார்க்க அம்சமாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் கம்பெனி ஷாக் அந்த உயரத்துக்குச் செய்ததல்ல. அதன் ராட் ஏற்கெனவே 30 மில்லிமீட்டர் உள்ளே போன நிலையில்தான் வேலையைத் தொடங்குகிறது, பம்ப் ஸ்டாப் பக்கத்திலேயே இருக்கிறது, இறுக்கமான ஸ்பிரிங் திரும்பித் தள்ளுகிற வேகத்தைப் பிடித்து நிறுத்தும் தெம்பும் அதற்குக் கிடையாது. பில்ஸ்டீன் பி8 என்று குட்டை ஷாக் தனியாக வருவதே இறக்கிய வண்டிக்காகத்தான். அப்போது ஸ்பிரிங் விலையோடு ஷாக் விலையும் சேர்ந்துவிடும், மலிவு என்று எடுத்தது மலிவாக இருக்காது.

இன்னொன்று உயரம். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். அதில் 30 போனால் 133. நாலு பேர், டிக்கியில் கோயிலுக்குப் போகிற சாமான் என்று ஏற்றினால் அதற்கும் கீழே. இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம் என்று மெதுவாக ஏறி இறங்க வேண்டும். காங்கேயம், தாராபுரம், கோபி பக்கம் ஊருக்குள் போய்ப் பாருங்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க்காரர்கள் போட்ட தடை ஒன்றரையடி அகலத்தில் செங்குத்தாக நிற்கும், பெயின்ட் கூட இருக்காது. "ஏனுங்ண்ணா, இத்தன எறக்குனா உங்க ஊருக்கு எப்படிப் போவீங்க?" என்று அலைன்மென்ட் போடுகிற பையன் கேட்டால் கோபப்படாதீர்கள், நியாயமான கேள்வி.

மூன்றாவது வழிக்கு வருவோம். பில்ஸ்டீன் பி6 என்பது கம்பெனி உயரத்துக்கே செய்த ஷாக், ஒற்றைக் குழாய் அமைப்பு, உள்ளே உயர் அழுத்த வாயு. சாதாரண ஷாக் பெரும்பாலும் இரட்டைக் குழாய், ஆயிலும் வாயுவும் ஒரே அறையில் இருக்கும், தொடர்ந்து குலுங்கினால் ஆயில் நுரைத்து ஷாக் தளர்ந்துவிடும். ஒற்றைக் குழாயில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று ரெண்டையும் பிரித்து வைக்கிறது, சூடும் சீக்கிரம் வெளியேறும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லாரிகள் குதறிப் போட்ட தார் மேல் ஏறி இறங்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். வண்டி உயரம் மாறாது, ஆனால் ஸ்டியரிங் திருப்பியதும் மூக்கு சாய்கிற வேகம் குறையும், குழியில் விழுந்த பிறகு வரும் அந்த இரண்டாவது ஆட்டம் இருக்காது. கோனி ஸ்பெஷல் ஆக்டிவ் கிடைக்கிற வண்டியாக இருந்தால் அதையும் பாருங்கள், சின்னச் சின்னக் குலுக்கலுக்கு இளகி, பெரிய அசைவுக்கு இறுகுகிற வால்வு அதில் இருக்கிறது. வீட்டில் வயசானவர்கள் உட்காரும் வண்டிக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

குறையும் உண்டு. ஒரே டியூன்தான், பிடிக்காவிட்டால் திருப்ப ஒரு குமிழ் கூட இல்லை. சாய்வின் வேகம் குறையுமே தவிர, நீண்ட வளைவில் கடைசியில் சாய்கிற அளவு அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும்தான் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பி). வண்டி இறங்க வேண்டும் என்கிற ஆசைக்கு இதில் பதிலே இல்லை.

இப்போது காயிலோவர். ஷாக் உடம்பில் மரை போட்டு, அதில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை ஏற்றி இறக்கலாம். போலோ, ஸ்விஃப்ட் வண்டிகளில் பின்பக்கம் டார்ஷன் பீம் (ரெண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் தண்டு) என்பதால் அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. செட்டில் வருவதும் அப்படியே, உயரம் மாற்றும் தட்டு ஸ்பிரிங்கோடு தனியாக இருக்கும். காசு கொடுத்துப் பெட்டியைப் பிரித்துவிட்டு ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

உயரம் மாற்றுவதில் ரெண்டு ரகம். ஒன்றில் ஸ்பிரிங் வளையம் மட்டும் நகரும். இறக்க இறக்க ஸ்பிரிங்கின் முன்அழுத்தம் போய், ஜாக் போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் கையில் ஆடும், சக்கரம் தொங்கும்போது கடகடவென்று சத்தம் வரும். இன்னொன்றில் கீழ் பிராக்கெட்டே மரையில் சுற்றும், ஷாக்கின் மொத்த நீளமே மாறும், ஸ்பிரிங்கையும் ராட் ஓட்டத்தையும் தொட வேண்டியதில்லை. பிசி ரேசிங் பிஆர், டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட் ரெண்டும் இந்த ரகம். வளையத்தை ஏற்றி முறுக்கினால் ஸ்பிரிங் இறுகிவிடும் என்று கடைக்கடைக்குச் சொல்வார்கள். நேர்ச்சீரான ஸ்பிரிங்கில் அது நடக்காது. 5 கிலோ ஸ்பிரிங் என்றால் மில்லிமீட்டருக்கு 5 கிலோதான், எவ்வளவு முறுக்கினாலும் வண்டி உயருமே தவிர இறுகாது.

உண்மையில் வண்டியின் குணத்தை மாற்றுவது அந்த 5 என்கிற எண். ஒரு முன்சக்கரத்தின் மேல் 300 கிலோ உட்கார்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி ஸ்பிரிங் 2.2 என்றால் வண்டி நொடிக்குச் சுமார் 1.35 தடவை ஆடும் இயல்போடு இருக்கும். 5 போட்டால் அது 2 தடவையாகும். குடும்ப வண்டி 1 முதல் 1.5 வரை இருப்பது வழக்கம், 2 என்பது ஸ்போர்ட்ஸ் காரின் இறுக்கம். கோவை அவிநாசி ரோட்டு 10 கிலோமீட்டர் மேம்பாலத்தில் ஒவ்வொரு இணைப்பையும் முதுகு எண்ணும். அதை, ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் குமிழைக் கிளிக் கிளிக்காகத் தளர்த்திச் சரி செய்துவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. கிளிக் தொடுவது ஷாக்கை, ஸ்பிரிங்கை அல்ல. இறுகிய ஸ்பிரிங்கோடு ஷாக்கைத் தளர்த்தினால் வண்டி துள்ளும். எதிர்ப்பக்கம் போய் முழுக்க இறுக்கினாலும் கெடுதல்: அடுத்தடுத்து மேடு வந்தால் அமுங்கிய ஸ்பிரிங் விரிய நேரமில்லாமல் வண்டி படிப்படியாகக் கீழே உட்கார்ந்து பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும்.

கிளிக் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பிஆர் 30, ஃப்ளெக்ஸ் இசட் 16, பில்ஸ்டீன் காயிலோவர்களில் பி16 வெறும் 10, பி14-இல் ஒன்றுமே இல்லை, உயரம் மட்டும். ஒரே குமிழ் உள்ளதில் அமுங்குவதும் விரிவதும் சேர்ந்தேதான் மாறும். கேடபிள்யூ வேரியன்ட் 1-இல் உயரம் மட்டும், 2-இல் விரிவது, 3-இல் ரெண்டும் தனித்தனி. தனித்தனியாகக் கிடைப்பது நல்லதுதான், ஆனால் எதைத் திருப்பினால் என்ன ஆகும் என்று தெரியாதவர் கையில் வேரியன்ட் 3-ஐக் கொடுத்தால் ஒரு வாரத்தில் வண்டி இருந்ததை விட மோசமாகிவிடும். அந்த ஆளுக்கு பி14 போதும். குமிழ் வைத்திருப்பவர் முழுக்க இறுக்கி அங்கிருந்து பின்னோக்கி எண்ணி எழுதி வையுங்கள், ஒரு தடவைக்கு ரெண்டு கிளிக் மட்டும், அதே ரோட்டில், அதே டயர் காற்றில்.

காயிலோவர் ஜெயிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஃபார்முலா மாருதியை உருவாக்கிய எஸ். கரிவர்தன் பெயரில் உள்ள டிராக், ரெண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிராக் டேவுக்குத் தொடர்ந்து போகிறவர் என்றால் என் மூன்றாவது வழி தோற்றுவிடும். இறுக்கமான ஸ்பிரிங், மேலே கேம்பர் பிளேட் (சக்கரத்தின் சாய்வுக் கோணத்தை மாற்றும் தட்டு), நாலு தராசில் வண்டியை நிறுத்தி மூலைக்கு மூலை எடையைச் சமப்படுத்துவது, இதெல்லாம் அங்கே வேண்டியிருக்கும், அதில் கடைசி வேலை மரை இருந்தால்தான் முடியும். மரையின் நிஜமான பயன் அந்த எடை வேலைதான், தாழ்வாக நிறுத்தி போட்டோ எடுப்பதற்கு அவ்வளவு செலவு வேண்டாம். அங்கேயும் ஒரேயடியாக இறக்காதீர்கள். மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தைத் தாங்கும் தூணாக இருக்கும் அமைப்பு) வண்டியில் அளவு மீறி இறக்கினால் ரோல் சென்டர் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் எடைமையத்தை விட வேகமாகக் கீழே போய், சாய்வு கூடத்தான் செய்யும். வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 வளைவு ஏறுவதற்குக் காயிலோவர் வேண்டுமா என்று கேட்டால், ரெண்டாவது கியரில் ஊர்கிற வளைவுக்கு நல்ல டயரே போதும்.

கோவையில் இருப்பதால் ஐந்தாவது வழி ஒன்றும் காதில் விழும். லேத் பட்டறையில் கொடுத்தால் கம்பெனி ஸ்ட்ரட்டில் மரைக் குழாயை வெல்டிங் வைத்து இருபதாயிரத்துக்குள் காயிலோவர் செய்து தருவார்கள் என்று. நம்ம பட்டறைக்காரர்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை, பம்ப்செட்டிலிருந்து டெக்ஸ்டைல் மெஷின் வரை செய்கிற கைகள் அவை. ஆனால் உள்ளே ஆயிலும் சீலும் இருக்கிற குழாய்க்கு மேல் வெல்டிங் சூடு வைத்தால் ஷாக் கெட்டுப்போகும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டுவதும் இதே குடும்பம்தான், வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. ரெண்டும் வேண்டாம். பெயர் தெரியாத மலிவுக் காயிலோவரும் வேண்டாம், அதை விடக் கம்பெனி ஷாக் எவ்வளவோ மேல்.

காசுக் கணக்கு என்றால், நல்ல காயிலோவர் செட் இறக்குமதி வரியோடு சேர்த்து லட்சத்தைத் தாண்டும், அதோடு முடியாது. கேம்பர், டோ என்கிற சக்கரக் கோணங்கள் எல்லாம் மாறியிருக்கும், அலைன்மென்ட் உடனே ஒரு தடவை, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும், லிஃப்ட்டில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பில்லோ பால் (ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை மூட்டு) மேல் மவுண்ட் உள்ள செட் என்றால் கொஞ்ச நாளில் டொக் டொக் சத்தத்துக்குத் தயாராக இருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றுவது பற்றித்தான் பேசுகிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே படித்தது.

பழைய செட் வாங்குகிறவர்கள் மட்டும் மூன்றைப் பாருங்கள். ராட்டை விரலால் தடவினால் கோடு தட்டுப்படக் கூடாது. வளையத்தை சி ஸ்பேனர் போட்டு உங்கள் முன்னாலேயே மேலிருந்து கீழ்வரை சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், செம்மண்ணும் துருவும் பிடித்து மரை இறுகிப்போன செட்டில் உயரம் மாற்ற முடியாது, மாற்ற முடியாத காயிலோவரை வாங்கி என்ன செய்வது. ராட்டைக் கையால் அமுக்கிவிடுங்கள், ஒற்றைக் குழாய் வாயு ஷாக் தானாக மெதுவாக வெளியே வர வேண்டும், உள்ளேயே கிடந்தால் வாயு போய்விட்டது, விலை பேசாமல் கிளம்பிவிடலாம்.