பை தேறியது, கட்டி தேறவில்லை

போன ஆடிப்பட்டத்துக்காக முகப்பேரில் எங்கள் மொட்டைமாடிக்கு மாடித்தோட்டத் தொகுப்பு ஒன்று வாங்கினேன். 1,350 ரூபாய். 12 அங்குல குரோ பேக் (செடி வளர்க்கும் பை) பத்து, 5 கிலோ கோக்கோ பீட் (தென்னை நார்த்தூள்) கட்டி, 5 கிலோ மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, ஆறு வகை விதை. கடையின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை பல கடைகளுக்கும் பொருந்தும். அக்னி நட்சத்திரமும் கழிந்துவிட்டதால் இனி தைரியமாகத் தீர்ப்புச் சொல்லலாம்.

பை அருமை. அதற்கு முந்தைய வருடம் மலிவாக வாங்கியவை பங்குனிக்குள் அப்பளமாக நொறுங்கிப்போயின. இவற்றில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை. ஈரமண்ணோடு தூக்கி இடம் மாற்றியும் கைப்பிடி தாங்கியது. செங்கல் மேல்தான் வைத்திருக்கிறேன். வடிகிற தண்ணீர் தளத்தில் தேங்கினால் கீழ்வீட்டு மாமியிடம் பேச்சு வாங்க முடியாது.

கோக்கோ பீட்தான் கழுத்தை அறுத்தது. டிரம்மில் இரவு ஊறவைத்தேன், காலையில் விளிம்புவரை பொங்கி நின்றது. சந்தோஷமாகச் செம்மண்ணோடு கலந்து கத்தரி நாற்றை நட்டேன். பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. சந்தேகப்பட்டு, மீதமிருந்த ஊறல் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது! தென்னை நாரில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே உண்டு. நன்றாகக் கழுவாமல் கட்டியாக அழுத்தினால் அந்த உப்பு வேரைப் பதம் பார்க்கும். கடைக்குப் போன் செய்தால், "கழுவித்தான் அனுப்புகிறோம் மேடம்" என்கிறார்கள். மீதியை மூன்று முறை அலசினேன். முதல் தண்ணீர் டிகாஷன் நிறம், மூன்றாவது வெளிறிய தேநீர். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் அத்தனையையும் சாக்கடையில் கொட்டியது இன்னும் மனதை அறுக்கிறது.

மண்புழு உரம் இரண்டு பைக்கு மேல் காணாது. தனியாக 25 கிலோ வாங்க வேண்டியிருந்தது. விதைகளில் வெண்டையும் கொத்தவரையும் பழுதில்லை. சிறுகீரை முளைக்கவே இல்லை.

அதே கடையில் பையைத் தனியாக 60 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வரும் ஆடிக்கு இருபது பை சொல்லிவைத்துவிட்டேன். கழுவிய கட்டியாகப் பார்த்துப் பொள்ளாச்சியிலிருந்து கொண்டுவருவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். அதையும் ஊறவைத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பையில் போடுவேன்.