சமையலறைக் கழிவு: வீட்டுத் தொட்டியா, மாநகராட்சி வண்டியா?

திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி குப்பையை வீட்டிலேயே பிரித்துத்தான் ஆக வேண்டும்: மக்குவது, மக்காதது, நாப்கின் தனி, பல்பு போன்றவை தனி. வேலூர்க்காரர்களுக்கு மிச்சமிருக்கும் கேள்வி, மக்குவதை யாரிடம் விடுவது என்பதுதான்.

வண்டியில் கொடுப்பது சுலபம். மீன் முள், கோழி எலும்பு, மீந்த பிரியாணி எல்லாம் போய்விடும். நுண்ணுரம் தயாரிக்கும் மையத்தில் உரமாகும். ஆனால் ஒரே ஒரு பால் கவர் உள்ளே கிடந்தாலும் தூய்மைப் பணியாளர் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். காலையில் வண்டியைத் தவறவிட்டால், சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் வாளி நாறிவிடும்.

தொட்டி கொஞ்சம் வேலை வாங்கும். ஓட்டை போட்ட மண்தொட்டியில் அடியில் காய்ந்த சருகு, மேலே காய்த்தோல், மறுபடி சருகு. புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மக்கும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு போடுங்கள். நம்மூர் வெயிலுக்குப் பெரும்பாலும் எதிர்ப் பிரச்சினைதான்: காய்ந்துபோய் மக்குவது நின்றுவிடும், தண்ணீர் தெளிக்கணும். இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு கருப்பாக உரம் கிடைக்கும். நம்மூர் இலவம்பாடி முள்ளுக் கத்திரிச் செடிக்கே போடலாம்.

மாடியோ மரநிழலோ இருந்தால் என் ஓட்டு தொட்டிக்கு. அசைவத்தை மட்டும் வண்டிக்குக் கொடுங்கள். ஒண்டுக் குடித்தனம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வண்டிதான்.