மோட்டோரோலா சி123-இல் ஃபர்ம்வேர் ஏற்ற ஆஸ்மோகான்: பயன்படுத்திப் பார்த்து எழுதிய மதிப்பீடு

கைபேசிக்குள் நாமே தொகுத்த (கம்பைல் செய்த) நிரலை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் அதில் ஏற்கெனவே இருக்கும் ஃபர்ம்வேர் (கைபேசியை இயக்கும் உள்நிரல்) சிறிதும் கெடக் கூடாது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் கருவி ஆஸ்மோகான். கட்டளை வரியில் மட்டுமே இயங்கும் இந்தச் சிறிய நிரல், ஆஸ்மோகாம்பிபி என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் ஒரு பகுதி. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் வெல்டேயும் அவருடைய தோழர்களும் 2010-இல் வெளிக்கொணர்ந்த அத்திட்டம், ஜிஎஸ்எம் (இரண்டாம் தலைமுறை) கைபேசியில் அலைபேசிக் கோபுரத்தோடு பேசுகிற பேஸ்பேண்ட் மென்பொருளை எவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய மூலநிரலாக எழுதிக் காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில், இந்தத் திட்டத்தின் மென்பொருளை ஏற்றிய சில மலிவான மோட்டோரோலா கைபேசிகளைக் கொண்டே ஜிஎஸ்எம் அழைப்புகளின் பாதுகாப்பு எவ்வளவு பலவீனமானது என்று பாதுகாப்பு ஆய்வாளர்களான கார்ஸ்டன் நோலும் சில்வைன் முனோவும் செய்து காட்டினார்கள். அந்த வேலைகளுக்கெல்லாம் முதற்படி, கணினியில் தொகுத்த நிரலைச் சீரியல் கேபிள் வழியாகக் கைபேசிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆஸ்மோகான் செய்வது அதைத்தான்.

இது வேலை செய்யும் கைபேசிகள் பழையவை: மோட்டோரோலா சி115, சி118, சி123, சி139, சி155 போன்றவை. மோட்டோரோலா என்ற பெயரில் விற்கப்பட்டாலும் இவற்றைத் தயாரித்துக் கொடுத்தது தைவானின் காம்பல் நிறுவனம். உள்ளே இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கலிப்ஸோ சில்லு. அதே சில்லைக் கொண்ட ஓபன்மோகோ கைபேசிகளுக்கும், மீடியாடெக் சில்லுகள் சிலவற்றுக்கும் தனித்தனி முறைகள் இதில் உண்டு. நான் பல மாதங்களாகச் சி123, சி118 ஆகிய இரண்டில் மட்டும் இதைப் பயன்படுத்தி வருவதால், என் மதிப்பீடும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியதே.

கருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன் கேபிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்கள் கருவியின் மீது சுமத்தும் பிழைகளில் பெரும்பகுதி கேபிளுடையது. இந்தக் கைபேசிகளில் சீரியல் இணைப்புக்கென்று தனித்துளை இல்லை; ஹெட்செட் மாட்டும் 2.5 மில்லிமீட்டர் துளையிலேயே அனுப்பும் கம்பி, பெறும் கம்பி, தரைக்கம்பி ஆகிய மூன்றும் வருகின்றன. கணினிப் பக்கத்தில் 3.3 வோல்ட்டில் இயங்கும் யுஎஸ்பி-சீரியல் மாற்றி வேண்டும். பழைய கணினியின் ஆர்எஸ்232 துளையை நேரடியாக இணைத்தால் கைபேசி போய்விடும். நான் முதலில் வாங்கிய ஆயத்தக் கேபிளின் உறையில் 3.3 வோல்ட் என்றே அச்சிட்டிருந்தது. இரண்டு நாள் கைபேசியிடமிருந்து ஓர் எழுத்துகூட வராததால் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது 5 வோல்ட் காட்டியது, போதாததற்கு அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் இடம் மாறியிருந்தன. நல்லவேளையாகக் கைபேசிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு சிபி2102 சில்லு உள்ள ஒரு மாற்றிப் பலகையை வாங்கி, 2.5 மில்லிமீட்டர் முள்ளில் நானே பற்றவைத்துக்கொண்டேன். அன்று முதல் இணைப்பில் தொல்லை இல்லை. கேபிள் வாங்குகிறவர்கள் கைபேசியில் மாட்டுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

பயன்படுத்தும் முறை மிக எளியது. எந்தச் சீரியல் துளை, எந்தக் கைபேசி முறை, எந்த நிரல் கோப்பு என்ற மூன்றை மட்டும் கட்டளையில் கொடுத்தால் போதும். சி123-க்கும் சி118-க்கும் சி123எக்ஸ்ஓஆர் என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுப்பிய தரவு முழுவதையும் எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிடும் கணக்கு) செய்து கிடைக்கும் சரிபார்ப்பு பைட்டை இந்த முறை கடைசியில் சேர்த்து அனுப்பும். பேட்டரி போட்டு, அணைந்த நிலையில் கைபேசியை இணைத்து, முதலில் ஆஸ்மோகானை ஓடவிட்டு, அதன் பிறகு கைபேசியின் பவர் பொத்தானைச் சற்றே தட்ட வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

பொத்தானைத் தட்டியதும் நடப்பதைத் திரையில் வரிவரியாகப் பார்க்கலாம் என்பதே இக்கருவியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். காம்பல் தயாரித்த கைபேசிகளில், விழித்தெழும்போது முதலில் பேசுவது கைபேசிதான்: மின்சாரம் நின்றாலும் தரவைக் காக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தின் தொடக்கத்தில் இருக்கும் பூட்லோடர் (துவக்க நிரல்) ஏழு பைட் கொண்ட ஓர் அழைப்பைச் சீரியல் கம்பியில் அனுப்பிவிட்டு, மறுமுனையில் யாராவது இருக்கிறார்களா என்று மிகக் குறுகிய நேரம் காத்திருக்கும். பதில் வராவிட்டால் வழக்கமான ஃபர்ம்வேரைத் துவக்கிவிடும். ஆஸ்மோகான் அந்த அழைப்பை அடையாளம் கண்டு பதில் கட்டளையை அனுப்புகிறது. இரண்டாவது அழைப்பு வந்ததும், நிரலின் நீளத்தை முன்னே வைத்து நிரல் முழுவதையும் அனுப்புகிறது. கைபேசி ஏற்றுக்கொண்டதாகச் சொன்னவுடன், உங்கள் நிரல் இப்போது ஓடுகிறது என்று ஒரு வரியை அச்சிடுகிறது. நொடிக்கு 115200 பிட் வேகத்தில் 64 கிலோபைட் போய்ச் சேர ஆறு நொடிக்குள்தான் ஆகிறது. சோதனைக்கென்றே கொடுத்திருக்கும் ஹலோ வேர்ல்டு நிரலை முதன்முதலில் ஏற்றி, அந்தச் சிறிய திரையில் அவ்விரு சொற்கள் தோன்றியதைக் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

ஏற்றிய நிரல் ராமில் (மின்சாரம் நின்றால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகத்தில்) மட்டுமே தங்குகிறது, ஃப்ளாஷில் ஒரு பைட்டும் மாறுவதில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கைபேசி பழையபடி மோட்டோரோலாவின் ஃபர்ம்வேரோடு எழுந்துவிடும். இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது இக்கைபேசிகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் விளங்கும். கலிப்ஸோ சில்லுக்குள் அழியாத பூட் ரோம் ஒன்று இருந்தும், காம்பல் தன் பலகைகளில் அதைச் செயலிழக்கச் செய்யும்படியே இணைப்புகளை அமைத்திருக்கிறது. ஆகவே துவக்க நிரல் இருப்பது ஃப்ளாஷின் முதற்பகுதியில் மட்டும். அதை யாரேனும் தவறுதலாக அழித்துவிட்டால், சீரியல் வழியாக மீட்க வழியே இல்லாமல் போகும். ஒவ்வொரு கைபேசிக்கும் தொழிற்சாலையில் அளந்து எழுதிய ரேடியோ அளவீட்டு மதிப்புகளும் அதே ஃப்ளாஷில்தான் இருக்கின்றன. கற்றுக்கொள்கிற காலத்தில் நாளொன்றுக்கு முப்பது முறை பிழையான நிரலை ஏற்றுவோம். அத்தனை முறையும் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும் என்ற நிலையில்தான் துணிந்து கற்க முடிகிறது.

காம்பலின் பூட்லோடரில் நிரலின் நீளத்தைச் சொல்ல இரண்டு பைட் மட்டுமே இருப்பதால், 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட நிரலை அதன் வழியாக ஏற்ற முடியாது. இதற்கு ஆஸ்மோகான் கண்டிருக்கும் தீர்வு மிக அழகானது. தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு குட்டி நிரலை முதலில் அனுப்புகிறது. அது கைபேசியில் ஓடி, பலகையின் இணைப்பால் உறங்கிக்கிடக்கும் கலிப்ஸோவின் பூட் ரோமை மென்பொருள் வழியாகவே எழுப்பி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. அங்கிருந்து பேச்சின் முறை தலைகீழாகிறது: கணினி அழைக்க, ரோம் பதில் சொல்ல, நிரல் துண்டு துண்டாகப் போய் நேரே ராமில் அமர்கிறது. முதலடுக்கு எனப்படும் முழு ரேடியோ நிரலின் பெரிய தொகுப்புகளை ஏற்றுவதற்கு இந்த வழியே கைகொடுக்கிறது. கட்டளையில் ஒரே ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் இவ்வளவும் தானாக நடந்துவிடுகிறது.

ஏற்றி முடித்ததும் ஆஸ்மோகானை நிறுத்திவிடக் கூடாது என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. அதன் பணியின் மறுபாதி அப்போதுதான் தொடங்குகிறது. கைபேசியில் ஓடும் நிரலின் அச்சு வரிகள், முதலடுக்குக்கும் கணினிக்கும் இடையே போகும் செய்திகள், நினைவகத்தைப் படிப்பதற்கான கட்டளைகள் ஆகிய அனைத்தும் ஒரே சீரியல் கம்பியில் கலந்து வருகின்றன; ஆஸ்மோகான் அவற்றைப் பிரித்து, அச்சு வரிகளைத் திரையில் காட்டி, மற்றவற்றை அந்தந்த நிரலுக்கு உரிய யூனிக்ஸ் சாக்கெட்டில் (ஒரே கணினியில் ஓடும் நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயிலில்) சேர்க்கிறது. கைபேசியில் முதலடுக்கு ஓட, அதற்கு மேலுள்ள இரண்டாம், மூன்றாம் அடுக்குகள் கணினியில் ஓட, இரண்டுக்கும் நடுவில் இக்கருவி பாலமாக நிற்கிறது. சுற்றுப்புறத்தில் எந்தெந்தக் கோபுரங்கள் என்ன ஒலிபரப்புகின்றன என்று பதிவுசெய்யும் நிரலை மூன்று மணிநேரம் ஓடவிட்டிருக்கிறேன். பாலம் ஒருமுறையும் அறுந்ததில்லை.

குறைகளும் உண்டு. ஏற்றுதல் தோற்றால், ஏதோ தவறாகிவிட்டது என்ற அளவிலேயே செய்தி வருகிறது. சரிபார்ப்பு பைட் பொருந்தவில்லையா, முறையைத் தவறாகத் தேர்ந்தோமா, கம்பியில் இரைச்சலா என்று நாமேதான் ஊகிக்க வேண்டும். கைபேசியிடமிருந்து எதுவுமே வராதபோது கருவியும் பேசாமல் காத்திருக்கிறது. முறையின் பெயரைக் கொடுக்காமல் கைபேசி மாதிரியைத் தானே கண்டுபிடிக்கும் வசதியும் இல்லை. இதை ஆயத்தத் தொகுப்பாக எதிர்பார்க்காமல் மூலநிரலிலிருந்து தொகுத்துக்கொள்வதே உத்தமம். லிப்ஆஸ்மோகோர் நூலகத்தையும், ஆர்ம் செயலிக்கான ஜிசிசி தொகுப்பியையும் முன்கூட்டியே நிறுவிக்கொள்ள வேண்டும். டெபியன், உபுண்டு போன்றவற்றில் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்காவிட்டால் சீரியல் துளை திறக்காது. சில லினக்ஸ் பதிப்புகளில் மோடம்மேனேஜர் என்ற சேவை புதிய சீரியல் துளையைக் கண்டதும் அதனோடு பேச முயல்வதால், அதை நிறுத்திவைப்பது நல்லது.

ஃப்ளாஷிலேயே எழுத வேண்டும் என்பவர்களுக்கு இது உரிய கருவி அல்ல. ஆஸ்மோகானோடு வரும் ஆஸ்மோலோடு என்ற துணைநிரலால் ஃப்ளாஷைப் படித்துக் கோப்பாகச் சேமிக்கலாம். சி123-இன் 2 மெகாபைட் ஃப்ளாஷ் முழுவதையும் இந்த வேகத்தில் படிக்க மூன்று நிமிடத்துக்குக் குறையாது. என் அனுபவத்தில் அதைவிடக் கணிசமாகக் கூடுதல் நேரம் ஆனது. அடிக்கடி ஃப்ளாஷைப் படிப்பதும் எழுதுவதும்தான் வேலை என்றால் இதே சில்லுக்கான ஃப்ரீகலிப்ஸோ திட்டத்தின் எஃப்சி-லோட்டூல் மேலானது. அது தன் உதவி நிரலைக் கைபேசியின் ராமில் ஏற்றிய பின், கட்டளைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் செய்கிறது. பொருத்தமான மாற்றி இருந்தால், கலிப்ஸோவின் 13 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்திலிருந்து நேரடியாகக் கிடைக்கும் நொடிக்கு 812500 பிட் வேகத்திலும் பேசுகிறது. வேகம் ஏழு மடங்கு. ஆனால் அழிக்கும் கட்டளையும் அதே வேகத்தில் செயல்படும் என்பதால், சி123-இன் முதற்பகுதியைத் தொடாமல் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

ரேடியோ ஒலிபரப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்மோகாம்பிபியின் ஃபர்ம்வேர் இயல்பு நிலையில் கேட்க மட்டுமே செய்யும். ஒலிபரப்ப வேண்டுமானால் தொகுப்பதற்கு முன் மேக்ஃபைலில் (தொகுக்கும் விதிகள் உள்ள கோப்பில்) ஒரு வரியைத் திறந்துவிட வேண்டும். ஜிஎஸ்எம் அலைவரிசைகள் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு உரியவை. தனிப்பட்ட சோதனை உரிமமோ, அலைகளைத் தடுக்கும் கூண்டோ இல்லாமல் அந்த வரியைத் தொடக் கூடாது. நான் இதுவரை தொட்டதில்லை. கேட்பதிலேயே கற்க வேண்டியது ஏராளமாக இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சி123 அல்லது சி118 ஒன்றை வாங்கி, அளந்து பார்த்த 3.3 வோல்ட் கேபிளோடு ஹலோ வேர்ல்டை ஏற்றிப் பார்க்கட்டும். அது திரையில் வந்ததும் அடுத்த வேலையாக ஆஸ்மோலோடு கொண்டு ஃப்ளாஷ் முழுவதையும் ஒரு கோப்பில் எடுத்து, கைபேசியின் ஐஎம்இஐ எண்ணைப் பெயராக இட்டுப் பத்திரப்படுத்திக்கொள்ளட்டும்.