மேட்ச் பெட்டிக்குள் கலப்படத் தோட்டா: .22 வாங்கக் காத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இலக்குச் சுடுதலுக்கான .22 எல்ஆர் (லாங் ரைபிள்) தோட்டா கிடைக்காமல் அலைகிறவர்கள், யாருக்காவது பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். சங்கப் பயிற்சிக்காக ஆன்லைன் விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கிய ஒரு கட்டில் 500 தோட்டா இருந்திருக்க வேண்டும். இருந்தது 488. பத்துப் பெட்டிகளில் ஏழு சரியாக இருந்தன. மற்ற மூன்றின் மடிப்பைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். அவற்றில் 47, 46, 45 என்று எண்ணிக்கை குறைந்ததோடு மூன்று வகைத் தோட்டாக்கள் கலந்து கிடந்தன. அதிலும் 9 தோட்டாக்களின் விளிம்பில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் துப்பாக்கி ஊசி) அடித்த பள்ளம் ஏற்கெனவே இருந்தது. யாரோ சுட்டு, வெடிக்காமல் போனவற்றைப் பொறுக்கி, மேட்ச் (போட்டி) தரப் பெட்டிக்குள் போட்டு, மேட்ச் விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

விற்பனை நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே விதத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். தளத்தில் ‘கையிருப்பில் உள்ளது’ என்று போட்டிருந்தது. முழுத் தொகையும் வங்கி வழியாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். பத்து வாரம் சரக்கு வரவில்லை. பிறகு ‘விலை ஏறிவிட்டது, வித்தியாசத்தைக் கட்டினால் அனுப்புகிறோம்’ என்று ஒரு செய்தி. கட்டிய பிறகு வந்ததுதான் மேலே சொன்ன கட்டு. புகார் செய்தபோது ‘தோட்டா கைமாறிவிட்டால் திரும்பப் பெறுவதில்லை’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள்.

அந்த விதி பொய்யல்ல. நேர்மையான கடைகளும் விற்ற தோட்டாவைத் திரும்ப வாங்க மாட்டார்கள். வாங்கியவர் அதை வெயிலில் வைத்தாரா, எண்ணெயில் நனைத்தாரா என்று கடைக்காரருக்குத் தெரியாது. அதை இன்னொருவருக்கு விற்பது ஆபத்து. ஏமாற்றுகிறவர் இந்த நியாயமான விதியின் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறார். ஆகவே சோதனை எல்லாவற்றையும் பணம் கைவிட்டுப் போகும் முன்னாலும், பார்சலுக்குக் கையெழுத்துப் போடும் நேரத்திலும் முடித்துவிட வேண்டும்.

இந்த மோசடி .22 போன்ற ரிம்ஃபயரில், அதாவது விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டாவில், மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது? அடியின் நடுவில் அடிபடும் சென்டர்ஃபயர் தோட்டாவில் பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, தனி உறுப்பு. சுட்ட கூட்டில் (பித்தளை உறையில்) புதுப் பிரைமர் வைத்து, வெடிமருந்து நிரப்பி, குண்டு பொருத்தித் திரும்பப் பயன்படுத்தலாம். ரிம்ஃபயரில் தனிப் பிரைமர் கிடையாது. மடித்த பித்தளை விளிம்பின் உட்குழிவுக்குள் பற்றவைக்கும் கலவையை ஈரமாகவே இட்டு, சுழற்றிப் பரப்பி, பிறகு உலர்த்துகிறார்கள். ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கும்போது கலவை பற்றுகிறது. ஒருமுறை சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், கூட்டின் ஆயுள் முடிந்தது. அதனால் சுடுகிற ஒவ்வொரு தோட்டாவும் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்தே ஆக வேண்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டுப் பட்டறையை நம்ப முடியாது. சுட்ட .22 கூட்டுக்கு மறுபடி கலவை இட்டுத் தருவதாகச் சொல்லும் கருவிப் பெட்டிகளும் விலை ஏறும்போதெல்லாம் தலைகாட்டும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். உராய்வுக்கே வெடிக்கிற கலவை அது. போகிற விரலோ கண்ணோ திரும்பி வராது.

தொழிற்சாலைப் பக்கமும் சட்டென்று கை கொடுப்பதில்லை. ரிம்ஃபயருக்கான இயந்திரங்கள் தனி. ஒரு தோட்டாவில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. சில மாதங்கள் நீடிக்கும் பதற்றத்தை நம்பிப் புது இயந்திர வரிசை போட யாரும் முன்வருவதில்லை. 2012 டிசம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் தொடங்கிய பதற்றக் கொள்முதலில் சென்டர்ஃபயர் ஓரளவு மீண்ட பிறகும் .22 வெகுகாலம் அலமாரிக்குத் திரும்பவில்லை. 2020இல் கொரோனாவோடு இன்னொரு அலை வந்தது. அதே ஆண்டில் துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் ரெமிங்டன் நிறுவனம் திவாலாகி, அதன் தோட்டாத் தொழில் வேறு கைக்கு மாறியது. இப்படிப்பட்ட காலங்களில் எல்லாக் கடையும் ‘இல்லை’ என்று சொல்லும்போது, ஒரே ஒரு தளத்தில் மட்டும் எல்லா வகையும் கையிருப்பில் இருந்தால் அதுவே முதல் அபாய அறிகுறி. வங்கிப் பரிமாற்றம், கிரிப்டோ, பரிசு அட்டை ஆகியவற்றை மட்டும் ஏற்பதும், உரிம விவரமே கேட்காமல் அனுப்பத் தயாராக இருப்பதும் இன்னும் மோசமான அறிகுறிகள். உரிமம் கட்டாயமான நாட்டில் அப்படி வாங்கினால், பணம் போவது ஒருபுறம் இருக்க, வழக்கும் வாங்கியவர் மேல்தான் வரும். கார்டில் கட்டினால் வங்கியிடம் தகராறு பதிவு செய்ய ஒரு வழியாவது இருக்கும். சரக்கு கிளம்பும் நாளில்தான் பணம் எடுப்போம் என்று எழுத்தில் தராத கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது எண்ணிக்கை. வழக்கமாக ஒரு பெட்டியில் 50, பத்துப் பெட்டி சேர்ந்தால் 500 கொண்ட கட்டு. அதைத்தான் ‘பிரிக்’ என்கிறார்கள். பத்து பிரிக் சேர்ந்தது 5,000 கொண்ட கேஸ். இதற்கு வெளியே 325, 333, 525, 550 என்று மொத்தப் பொதிகள் வருகின்றன. தட்டுப்பாடு வந்ததும் 325 பொதியை ‘பிரிக்’ என்ற பெயரில் பழைய பிரிக் விலைக்கே விற்பார்கள். விலை ஏறவில்லையே என்று தோன்றும். கணக்குப் போட்டால் தோட்டா ஒன்றின் விலை 54 சதவீதம் ஏறியிருக்கும். பொதி விலை, அனுப்பும் செலவு, ஆபத்தான சரக்குக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, தோட்டா எண்ணிக்கையால் வகுத்த பிறகே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மலிவாகப் போட்டுவிட்டு அனுப்பும் செலவில் வாரிக்கொள்கிற கடைகள் இந்த ஒரு வகுத்தலிலேயே வெளிப்பட்டுவிடும்.

பார்சல் வந்ததும் முதல் வேலை எடை. 40 கிரெய்ன் ஈயக் குண்டு மட்டும் 2.6 கிராம். கூடும் மருந்தும் சேர்ந்தால் முழுத் தோட்டா ஏறக்குறைய 3.3 கிராம் வரும். 500க்கு 1.65 கிலோ, அட்டையும் பிளாஸ்டிக் தட்டும் அதற்கு மேல். பெட்டிகளைத் தனித்தனியாக டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரே வகைத் தோட்டா, ஒரே எண்ணிக்கையில் உள்ள பெட்டிகள் ஒன்றுக்கொன்று ஓரிரு கிராம்தான் வேறுபடும். மூன்று தோட்டா குறைந்தால் பத்து கிராம் குறையும். பெட்டியைத் திறக்காமலே சந்தேகப் பெட்டி தெரிந்துவிடும். இவை எல்லாவற்றையும் கைபேசியில் வெட்டில்லாத ஒரே காணொளியாகப் பதியுங்கள். திறந்த பிறகு எடுத்த படத்துக்கு எந்த விற்பனையாளரும் மதிப்புத் தர மாட்டார்.

பிறகு லாட் நம்பர், அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரானதைக் காட்டும் எண். நல்ல தோட்டாப் பெட்டியின் மடிப்பில் அது அச்சாகியிருக்கும். ஒரு பிரிக்கின் பத்துப் பெட்டியிலும் ஒரே எண் இருப்பதுதான் முறை. எங்கள் கையில் கிடைத்த கட்டில் பத்திலும் எண் ஒன்றாகத்தான் இருந்தது. பெட்டி அசல், உள்ளே இருந்ததுதான் போலி. ஆகவே மடிப்பின் பசையைப் பாருங்கள். தொழிற்சாலைப் பசை பிரியும்போது அட்டையின் மேல்தாளை உரித்துக்கொண்டு வரும். இரண்டாம் முறை ஒட்டியதில் ஏற்கெனவே உரிந்த இடத்தின் மேல் புதுப் பசை தெரியும்.

உள்ளே தோட்டாவின் அடி முத்திரையைப் பாருங்கள். ஈலி நிறுவனத் தோட்டாவில் ‘ஈ’, சிசிஐ நிறுவனத் தோட்டாவில் ‘சி’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்து இருக்கும். ஆனால் முத்திரை மட்டும் போதாது. ஒரே நிறுவனத்தின் மலிவுத் தோட்டாவிலும் உயர்தரத் தோட்டாவிலும் ஒரே எழுத்து இருக்கலாம். ஈலியின் உயர்தர வகையான டெனெக்ஸின் குண்டு நுனி தட்டையானது. பெட்டி டெனெக்ஸ் என்று சொல்லி, உள்ளே உருண்டை நுனி இருந்தால் அது வேறு சரக்கு. நீளத்தையும் கேலிப்பரில் அளந்துவிடுங்கள். எல்ஆர் தோட்டாவின் மொத்த நீளம் 25.4 மில்லிமீட்டருக்கு மேல் போகாது, பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். 17 அல்லது 18 மில்லிமீட்டர் வந்தால் அது .22 ஷார்ட். எல்ஆர் சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையில்) அதுவும் வெடிக்கும் என்றாலும், தொடர்ந்து சுட்டால் கூட்டின் வாய்க்கு முன்னால் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்து, பிறகு எல்ஆர் சரியாக உட்காராது. .22 மேக்னம் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தோட்டா கிடைக்கவில்லையே என்று எல்ஆரை அதில் போடக் கூடாது. மேக்னம் சேம்பர் அகலம் அதிகம். கூடு பிளந்து வாயு பின்னால் சீறும்.

ஒவ்வொரு தோட்டாவையும் வெளிச்சத்தில் சுழற்றி விளிம்பைப் பாருங்கள். 500 தோட்டாவுக்கு அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். விளிம்பில் பள்ளம், பித்தளையில் பச்சைக் களிம்பு, ஈயத்தின் மேல் வெள்ளைப் பூப்பு, விரலால் சுற்றினால் தளர்ந்து சுழலும் குண்டு, இயல்பான மெழுகுக்குப் பதிலாக எண்ணெய்ப் பிசுபிசுப்பு: இவற்றில் எது இருந்தாலும் தனியே எடுத்துவையுங்கள். ஊடுருவும் எண்ணெய் உள்ளே இறங்கினால் கலவை செத்துவிடும்.

கலந்த தோட்டா சுட்டால் என்ன, வெடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா நொடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, ஹை வெலாசிட்டி ஏறக்குறைய 380. இரண்டையும் ஒரே குறி அமைப்பில் 50 மீட்டருக்குச் சுட்டால் விழும் இடம் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை மேலும் கீழுமாகப் பிரியும். 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்து வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். பயிற்சியில் இருப்பவர் தன் மூச்சிலோ விரலிலோ குறை என்று நினைத்துச் சரியாக இருந்த முறையை மாற்றிக்கொண்டு கெடுவார். தோட்டா இழப்பைவிட இதைத்தான் பெரிய நஷ்டம் என்பேன்.

ஏற்கெனவே அடி வாங்கிய தோட்டாவை விளிம்பைத் திருப்பிப் போட்டுச் சுட்டுவிடலாம் என்ற ஆசையும் வரும். தன் கண்முன் வெடிக்காமல் போன தோட்டாவைக் களத்தில் பலர் அப்படிச் சுடுகிறார்கள். அதற்கும் துப்பாக்கி முனையை இலக்குப் பக்கமே வைத்து, குறைந்தது 30 விநாடி காத்திருந்து, பிறகே சேம்பரைப் பின்னால் அடைக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும், தாமதமாக வெடிக்கக்கூடும். எங்கே கிடந்தது, எதில் நனைந்தது என்று தெரியாத தோட்டாவில் அந்தச் சோதனையே வேண்டாம். கலவை பாதி பற்றி, மருந்து சரியாக எரியாவிட்டால் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றுவிடும். சத்தம் ‘பொத்’தென்று குறைந்து, இலக்கில் ஓட்டை இல்லாவிட்டால் உடனே நிறுத்துங்கள். தோட்டாவை இறக்கி, போல்ட்டைக் கழற்றி, பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள். பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கிவிடும்.

கையிருப்பை நீட்டிக்க உருப்படியான வழிகள் உண்டு. தேறிய லாட்டைப் போட்டிக்கு மட்டும் ஒதுக்குங்கள். போட்டிச் சுற்றுக்கு 60, குறி சரிபார்க்கக் கொஞ்சம் என்று எண்ணி எடுங்கள். நிலை, மூச்சு, டிரிகர் பயிற்சியை வெற்றுச் சுடுதலிலும் 10 மீட்டர் ஏர் ரைபிளிலும் செய்யலாம். ஆனால் ரிம்ஃபயரில் வெற்றுச் சேம்பரில் அடித்தால் பல துப்பாக்கிகளில் பின் சேம்பர் விளிம்பிலேயே மோதிப் பிசிறு எழுப்பும், பிறகு கூடு வெளியே வராமல் சிக்கும். டம்மித் தோட்டா போட்டே பழகுங்கள். செமி ஆட்டோ பிஸ்டல் வைத்திருப்பவர் சப்சோனிக் (ஒலியைவிட மெதுவான தோட்டா) மட்டும் கிடைக்கிறதே என்று வாங்கிக் குவிக்க வேண்டாம், பலவற்றில் அது போல்ட்டை முழுதாகத் தள்ளாது. போல்ட் ஆக்‌ஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை. சங்கமாகச் சேர்ந்து வாங்குவதானால் இரண்டு மூன்று லாட்டுகளில் தலா 50 வாங்கிச் சுட்டுப் பார்த்து, தேறிய லாட்டில் கேஸ் வாங்குங்கள். சேமிப்புக்குச் சூடில்லாத உலர்ந்த இடம், இறுக மூடும் டப்பா, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

எடுத்துவைத்த அந்த 9 தோட்டாக்கள் ஆதாரமாக, ‘சுடக் கூடாது’ என்று எழுதிய தனி டப்பாவில் இருக்கின்றன. உங்களிடமும் அப்படிச் சேர்ந்தால் குப்பையிலோ தீயிலோ போடாதீர்கள். படமும் காணொளியும் எடுத்துக்கொண்டு, தகராறு முடிந்ததும் சுடுதளப் பொறுப்பாளரிடமோ உரிமம் வழங்கும் அலுவலகத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.